மூன்று கோட்டு

புது வீட்டுக்குச் சாயம் அடிக்க வந்தவர் மூன்று ‘கோட்டு’ அடிக்கணும் என்கிறார். தீபாவளி நெருங்குதே, ஒன்று போதாதா?
- வாசகர், கிள்ளான்

கிள்ளான் புழுக்கத்தில் மனிதனுக்கு ஒரு கோட்டே அதிகம். புதுச் சுவருக்கு மூன்றும் வேண்டும்!

முதல் கோட்டு சீலர். சிமெண்டுப் பூச்சின் காரம் நிறத்தைத் தின்றுவிடாமல் தடுப்பது அதுதான். அடுத்த இரண்டும்தான் நிறம். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் மேலே காய்ந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும், பிறகு கொப்புளித்து உரியும். நல்ல நிலையில் உள்ள பழைய சுவரென்றால் பெரும்பாலும் இரண்டே போதும்.

அக்டோபர், நவம்பரில் இங்கே மாலையானால் மழை கொட்டும். காலையிலேயே தொடங்கச் சொல்லுங்கள். ஒரு கோட்டு காய்கிற நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ் போய்த் தீபாவளித் துணி எடுத்து வந்துவிடலாம்.