பாடம் கற்காத பண்டிதர்

ஆத்திரத்தில் உத்தியோகத்தை உதறிவிட்டுப் போனவன், அடுத்த திங்கட்கிழமை ஒன்றுமே நடவாததுபோல் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் உலகம் அவனைப் பித்தன் என்று சொல்லும். ஆனால் 1980-களின் நடுவில், 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் தாம் எழுதியவை அரங்கேறாத கோபத்தில் அவ்விதமே வெளியேறி அவ்விதமே திரும்பிவந்த எழுத்தாளர் லாரி டேவிட், பிற்பாடு அந்த அசட்டுத்தனத்தையே, தாம் இணைந்து படைத்த 'சைன்ஃபெல்ட்' நகைச்சுவைத் தொடரில் ஒரு கதையாக்கிக் காசும் பார்த்துவிட்டபடியால், அவரை மேதை என்று சொல்லுவதைத் தவிர உலகத்துக்கு வேறு மார்க்கம் இல்லாமற் போயிற்று.

எவரும் எவரையும் ஆலிங்கனம் செய்யலாகாது, எவரும் எந்தப் பாடமும் கற்கலாகாது என்ற கடும் விரதத்தை 1989 முதல் ஒன்பது பருவங்கள் அனுஷ்டித்த அத்தொடர், 1998 மே 14 அன்று, கண்ணெதிரே கொள்ளை போனவனுக்கு உதவாத குற்றத்துக்காக நாயக நாயகியரைச் சிறைக்கு அனுப்பி முடிந்தபோது, கோடிக்கணக்கில் கூடிப் பார்த்த ஜனங்களில் பலர் முகம் சுளித்தார்கள்.

அந்தச் சுளிப்பை மறவாத நம் ஆசிரியர், 2000-இல் தொடங்கிய 'கர்ப் யுவர் என்தூசியாசம்' தொடரில் தம் பெயரிலேயே ஒரு சிடுமூஞ்சியாக நடித்து, 2024-இல் அதன் முடிவிலும் அதே நீதிமன்றம், அதே சிறை என்று பிடிவாதமாய் எழுதினார். இம்முறை குற்றம், வாக்களிக்க வரிசையில் நின்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தது! உதவாவிட்டாலும் சிறை, உதவினாலும் சிறை. இதைக் காட்ட இருபத்தாறு வருஷம் பிடித்ததேயன்றி, விரதம் மாத்திரம் பங்கப்படவில்லை.