பூண்டு மணக்கும் ஊரில் கொலைக் கதை

கிளாவரைக்கு அப்பால் பஸ் கிடையாது. கொடைக்கானல் மேல்மலையின் கடைசி ஊர். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். இருட்டினால் குளிர், கம்பளி, தூக்கம். நிம்மதி தேடி இங்கே ஏறி வரும் சமவெளிக்காரர், அது கிடைத்த அரை மணியில் பையைத் திறந்து ஒரு தொடர்கொலைப் புத்தகத்தை எடுக்கிறார். நிம்மதி ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

இது பழைய ருசிதான். தொடர்கொலைகாரன் ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை ‘நக்கீரன்’ பத்திரிகை வெளியிடப் போகிறது என்றதும், சிறைத் துறைத் தலைவர் அதை எதிர்த்துக் கடிதமே அனுப்பினார். உயரதிகாரிகள் சிலரோடு அவனுக்கிருந்த நெருக்கமும் அதில் வருகிறதாம். எந்தப் பதிப்பாளருக்கும் காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம்! 1994-ல் உச்ச நீதிமன்றம், அச்சேறும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றது. அந்தரங்க உரிமைக்காக வக்கீல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு. வாசகருக்கு அதெல்லாம் எதற்கு? அடுத்த அத்தியாயத்தில் எந்த அதிகாரி வருகிறார் என்பதல்லவா கவலை! மறு வருஷம் சேலம் சிறையில் அவனைத் தூக்கிலிட்டார்கள்; கதை மட்டும் இன்னும் விற்கிறது.

‘டிராகுலா’ படிப்பவர்களுக்குத்தான் இங்கே ஒரு சௌகரியம். ரத்தக் காட்டேரியை விரட்டப் பூண்டு வேண்டுமாமே, மேல்மலையில் விளைவது புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. விலையைக் கேட்டால்தான் நிஜமாகவே முதுகு சில்லிடும்.