கூட்டணிக் கணக்கு

கேள்வி: உறவுகளையெல்லாம் கணக்கில் அடக்க முடியுமா?

பதில்: ஆளுக்கொரு புள்ளி, பழக்கத்துக்கொரு கோடு. அவ்வளவுதான் ஆரம்பம். பத்துப் பேர் இருந்தால் 45 ஜோடி. பதினோராவது ஆள் வந்தால் ஒரேயடியாகப் பத்து ஜோடி கூடும். புது மேனேஜர் வந்ததும் ஆபீஸ் ஏன் ஆட்டம் காண்கிறது என்று புரிகிறதா?

கேள்வி: ஹாஸ்டலில் சேர்ந்த மகன், பேச ஆளே இல்லை என்று புலம்புகிறான்...

பதில்: பொறுக்கச் சொல்லுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தியோடர் நியூகோம் 1950-களில், முன்பின் தெரியாத 17 மாணவர்களை ஒரே வீட்டில் இலவசமாகத் தங்கவைத்தார். யாரை எவ்வளவு பிடிக்கும் என்று வாராவாரம் கேட்டார். முதலில் பக்கத்தில் இருப்பவன் நண்பன். போகப் போக, கருத்து ஒத்துப்போகிறவன் நண்பன்.

கேள்வி: எதிரிக்கு எதிரி நண்பன் என்பது அரசியலுக்கு மட்டும்தானா?

பதில்: எல்லாருக்கும்தான். என் நண்பர்கள் இருவர் முறைத்துக்கொண்டால் எனக்கு நிம்மதி கிடையாது. சமாதானம் செய்வேன், இல்லை ஒரு பக்கம் சாய்வேன். 1946-ல் ஃபிரிட்ஸ் ஹைடர் சொன்ன இந்தக் கருத்தை, 1956-ல் கார்ட்ரைட்டும் ஹராரியும் தேற்றமாக்கினார்கள். எல்லாரும் எல்லாருக்கும் நண்பரோ எதிரியோ என்றிருக்கும் குழுவில் இந்தச் சங்கடம் முழுக்கத் தீர்ந்தால், மிஞ்சுவது ஒரே அணி அல்லது இரண்டு அணி. மூன்றாவது அணிக்குக் கணிதத்திலேயே இடமில்லை!

கேள்வி: நிஜத்தில் பலித்திருக்கிறதா?

பதில்: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு கராத்தே கிளப். கட்டணத்தை ஏற்றக் கேட்டார் மாஸ்டர், மறுத்தார் தலைவர். கிளப் உடைந்தது. 1970 முதல் 1972 வரை அதைக் கவனித்த வேய்ன் சக்கரி, 34 பேரில் யார் யாரோடு வகுப்புக்கு வெளியேயும் பழகினார்கள் என்று 78 கோடு போட்டார். அதை வைத்து, யார் எந்தப் பக்கம் என்று கணக்கிட்டார். 33 பேர் விஷயத்தில் சரி. 1977-ல் கட்டுரையாக வந்தது.

கேள்வி: தப்பிய அந்த ஒருவர்?

பதில்: தலைவரின் ஆதரவாளர்தான். ஆனால் பிளாக் பெல்ட் தேர்வுக்கு மூன்றே வாரம் பாக்கி. தலைவரோடு போனால் வேறு பாணி. வெள்ளை பெல்ட்டிலிருந்து தொடங்க வேண்டும். மனசு அங்கே, பெல்ட் இங்கே. பெல்ட் ஜெயித்தது.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்துக்கும் இப்படிப் படம் போடலாமா?

பதில்: தாராளமாக. மெயின்டனன்ஸ் தொகை ஏறும் நாளில்தான் சண்டை வெடிக்கும். அணி எது என்பது அதற்கு முன்பே வாக்கிங் ஜோடிகளில் தெரிந்துவிடும். படத்தை நோட்டீஸ் போர்டில் மட்டும் ஒட்டாதீர்கள். சங்கம் ஒற்றுமையாகிவிடும், உங்களுக்கு எதிராக!