மார்க் எங்கே ஒழுகுகிறது?

பொதுத்தேர்வு மார்க்கை முன்கூட்டியே கணிக்க முடியுமா?
*பிளஸ் டூ மாணவி, வட்டக்கோட்டை*

முடியும் மக்ளே. திருப்புதல் தேர்வுத் தாளைக் கடிகாரம் வைத்து மூன்று மணி நேரம் எழுது. திருத்த வேறொருவரிடம் கொடு. தன் தாளைத் தானே திருத்தினால் எல்லா விடையும் சரியாகத்தான் தெரியும். இப்படி மூன்று தாள் எழுதினால், மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் நடுவில் பொதுத்தேர்வு மார்க் வரலாம். அதிகமானதை மட்டும் ஊரில் சொன்னால் அது கணிப்பல்ல, விளம்பரம்.

இயற்பியலில் எவ்வளவு படித்தும் மார்க் ஏறவில்லையே?
*மாணவர், கொட்டாரம்*

செய்முறை, அகமதிப்பீடு 30 போக எழுத்துத் தேர்வு 70. அதில் ஒரு மார்க் கேள்வியே 15. அங்கே ஐந்தை விட்டால், பக்கம் பக்கமாக எழுதிய ஒரு நெடுவினா போனதற்குச் சமம். கணக்கில் விடை ‘20’ என்று எழுதி நிறுத்தாதீர்கள். 20 என்ன? ஓமா, நேந்திரங்காயா? அலகுக்கும் மார்க் உண்டு.

நீட்டில் தெரியாத கேள்விக்குக் குருட்டாம்போக்கில் ஒன்றைக் குறிக்கலாமா?
*மாணவி, மயிலாடி*

சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. ஒன்றுமே தெரியாத நாலு கேள்வியில் சராசரியாக ஒன்று சரியாகும். மிஞ்சுவது 1 மார்க். இரண்டு விடையைத் தப்பென்று தள்ள முடிந்தால், அதே நாலு கேள்வியில் 6 மிஞ்சும். பாதி தெரிந்தால் துணியலாம். எதுவும் தெரியாவிட்டால் அது லாட்டரி.

என் மகன் 600-க்கு 520. பக்கத்து வீட்டுப் பையன் 505. பொறியியலுக்கு எங்கள் பையன்தானே முன்னால்?
*ஓர் அப்பா, அஞ்சுகிராமம்*

அவசரப்பட்டு லட்டு கொடுக்காதீர்கள். கட்-ஆஃப் கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50, ஆக 200. உங்கள் மகன் கணிதத்தில் 80, மற்ற இரண்டிலும் 84 என்று வைப்போம்: 164. அந்தப் பையன் கணிதத்தில் 94, மற்ற இரண்டிலும் 82 என்றால் 176. தமிழில் நூறு வாங்கினாலும் இந்தக் கணக்கில் கால் மார்க் ஏறாது. தமிழய்யா மன்னிக்க.

வட்டக்கோட்டை மதில்மேல் உட்கார்ந்து படித்தால் மண்டையில் ஏறுமா?
*மாணவர், லீபுரம்*

அங்கே அடிக்கிற கடல்காற்று உங்களுக்கு முன்னால் புத்தகத்தை முடித்துவிடும். அதற்குப் பதிலாக டிலனாய் கதையைப் படியுங்கள். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைக்காரர். பிறகு அதே திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி கொடுத்தார். வட்டக்கோட்டையும் அவர் மேற்பார்வையில் எழுந்ததுதான். தோற்றவரையே ராஜா பயன்படுத்திக்கொண்டார்; நீங்களும் திருப்புதலில் 40 வாங்கிய தாளைக் கிழிக்காதீர்கள். எங்கே கோட்டை விட்டோம் என்று அதில்தான் இருக்கிறது.

2017 முதல் அரசு ரேங்க் அறிவிப்பதில்லை. ஆனாலும் தெருவில் யார் முதல், யார் கடைசி என்று எதிர்வீட்டு அக்கா ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறாரே?
*பாதிக்கப்பட்டவர், சுசீந்திரம்*

புலனாய்வுத் துறைக்கு ஏற்ற ஆள். அந்த வேலைக்கும் போட்டித் தேர்வு உண்டு. அக்காவை எழுதச் சொல்லுங்கள். மார்க்கை நாம் போய் விசாரிப்போம்.