மாமியார் சாகவே மாட்டேன் என்கிறார்

வீட்டுக்குச் சாமான் வாங்குகிற ஆண்களில் இரண்டு ரகம் உண்டு. கடைக்குப் போய், விலை கேட்டு, கொஞ்சம் குறைத்து, வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வீடு திரும்புகிறவர்கள் ஒரு ரகம். அவர்களுடைய பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். நான் மற்ற ரகம். எதை வாங்குவதானாலும் அதைக் கண்டுபிடித்தவருடைய ஊர், உத்தியோகம், அவர் ஏறிப்போன ரயில் வரைக்கும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது பதுளை டவுனே சார்ஜ் லைட் தேடி அலைந்தது. எந்த பட்டரி நீண்ட நாள் உழைக்கும் என்று நான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நான் படித்து முடிக்கவும் கரண்ட் வெட்டு முடியவும் சரியாக இருந்தது.

இப்பேர்ப்பட்டவனிடம்தான், பிள்ளைகள் கையில் வைத்து விளையாட ஒரு வீடியோ கேம் வாங்கி வரும்படி என் மனைவி சொன்னாள்.

எல்லாம் செல்போனால் வந்தது. 2021இல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியிருந்தபோது, எங்கள் மாவட்டத்து லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் மலையேறி, காட்டுக்குள் சுமார் 30 அடி உயரத்தில் இருந்த மரவீட்டில் உட்கார்ந்து சிக்னல் பிடித்துப் பாடம் படித்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகளெல்லாம் படம் போட்டன. நாங்கள் இருப்பது ஹாலிஎல பக்கம். மரம் ஏறுகிற தலையெழுத்து எங்களுக்கு இல்லை. வாழைமரத்துக்கும் கக்கூஸ் சுவருக்கும் நடுவே ஒற்றைக்காலில் நின்றால் இரண்டு கோடு காட்டும். மகனுக்குப் பாடம் வருவதற்காக நானும் ஒரு போன் வாங்கிக் கொடுத்து, கொக்கு மாதிரி அங்கே நின்றிருக்கிறேன். பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. பாடம் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போய்விட்டது. போன் மட்டும் போகவில்லை.

மகன் இப்போது ஐந்தாம் ஆண்டு. புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது. சின்னவளுக்கு ஆறு வயது. பரீட்சை இல்லாவிட்டாலும் போன் வேண்டும். நான் போடுகிற ரீலோட் எல்லாம் யாரோ ஒரு பொடியன் கேம் விளையாடுவதை இவர்கள் இருவரும் வாய் பிளந்து பார்ப்பதற்கே சரியாகிவிடுகிறது.

"போனப் பறிக்கிறதுன்னா கையில வேற ஒண்ணு குடுக்கணுங்க. இன்டர்நெட் இல்லாததா, கையில வச்சு வெளையாடுறதா ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். "யோசிக்காம வாங்கிட்டு வாங்க" என்று கடைசியில் சேர்த்தாள். அது என் தன்மானத்தைச் சுட்டது. அன்றிரவே ஆராய்ச்சி தொடங்கியது.

நின்டெண்டோ என்ற ஜப்பான் கம்பெனி 1889இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யத்தான் ஆரம்பித்தது. அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தவர் குன்பெய் யொகோய். ஒருநாள் புல்லட் ரயிலில் போகும்போது, ஆபீஸ்காரர் ஒருவர் பொழுது போகாமல் கல்குலேட்டர் பொத்தான்களை அமுக்கி விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டாராம். அதிலிருந்து பிறந்த யோசனைதான் 1980இல் வந்த 'கேம் அண்ட் வோட்ச்' என்ற கையடக்க விளையாட்டு. இதைப் படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. கொழும்பு கோட்டையிலிருந்து பதுளைக்கு 292 கிலோமீட்டர். உடரட மெனிக்கேயில் குந்தினால் ஏறக்குறைய பத்து மணி நேரம். புல்லட் ரயிலில் போனவருக்கே இத்தனை யோசனை வந்ததென்றால் எங்களுக்கு எத்தனை வந்திருக்க வேண்டும்? ஆனால் யோசனை முளைவிடும் நேரம் பார்த்து எங்கள் ரயிலில் வடைக்காரர் ஏறிவிடுகிறார்.

யொகோயின் கொள்கையும் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. புதிதாக வந்த விலைகூடிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே. பழசாகி மலிந்துபோனதை எடுத்துப் புதுவிதமாகப் பயன்படுத்து என்பது அவர் கட்சி. 1989இல் அப்படி வந்த கேம் போய் பெட்டியில் கலர் கிடையாது. மங்கிப்போன பாசிப்பச்சைத் திரை. ஆனால் நாலு சின்ன பட்டரி போட்டால் பத்துப் பதினைந்து மணி நேரம் ஓடியது. அடுத்த வருஷம் போட்டிக்கு வந்த சேகாவின் கேம் கியர் கலர் காட்டியது. ஆறு பட்டரியை நாலைந்து மணி நேரத்தில் குடித்தும் முடித்தது. கடைசியில் வென்றது பச்சைத் திரைதான். புதுசு எதுவும் வாங்காமலே காலம் தள்ளுகிற என் சுபாவத்துக்கு ஜப்பானில் ஒரு தத்துவமே இருப்பது தெரிந்ததும், சாப்பாட்டு மேசையில் அதை விரிவாக எடுத்துச் சொன்னேன்.

"கொஞ்சம் நகருங்க, பருப்புச் சட்டிய வைக்கணும்" என்றாள் மனைவி.

கேம் போயை அமெரிக்காவில் விற்கும்போது கூடவே எந்த விளையாட்டைக் கொடுப்பது என்று ஒரு பேச்சு வந்ததாம். பொடியன்கள் மட்டும் வாங்கினால் போதுமென்றால் மாரியோவைக் கொடுங்கள், எல்லாரும் வாங்க வேண்டுமென்றால் டெட்ரிஸைக் கொடுங்கள் என்று ஹென்க் ரோஜர்ஸ் என்பவர் புத்தி சொன்னார். டெட்ரிஸ், 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய கட்டை விழுகிற விளையாட்டு. அந்தப் புத்திமதியைக் கேட்டார்கள், பிழைத்தார்கள். வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் என்று வாங்கப் போகிறவன் ரோஜர்ஸின் பேச்சை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொண்டேன். அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கொழும்பில் இருக்கும் ஒரு சிநேகிதரிடம் நின்டெண்டோ சுவிட்ச் என்ன விலை என்று விசாரித்தேன். 2017இல் வந்த சாமான். கையிலும் விளையாடலாம், டிவியிலும் போடலாம், இரண்டு பக்கத்தையும் கழற்றி ஆளுக்கொன்றாகப் பிடிக்கலாம். குடும்பத்துக்கென்றே செய்தது போல இருந்தது. அவர் சொன்ன விலையில் இலக்கங்களை எண்ணிப் பார்த்தேன், ஆறு இருந்தது. "கேமுக்கு வேற காசு" என்றார். யானையை வாங்கிய பிறகும் அங்குசத்துக்குத் தனி விலை. எனக்கு உடனே யொகோய் ஞாபகத்துக்கு வந்தார். மலிந்துபோன தொழில்நுட்பம்தான் நம் வழி என்று பதுளை பஜாருக்கு நடந்தேன்.

கடைக்கார நானா கண்ணாடி அலுமாரியிலிருந்து கைக்குள் அடங்குகிற ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். மேலே 'சப்', கீழே '400 இன் 1'. "ஒரிஜினல் சைனா, சேர்" என்றார். இந்த இரண்டு சொல்லும் ஒன்றாக வருவதைக் கேட்டு நான் புன்னகைத்தேன், அவர் புன்னகைக்கவில்லை.

நானூறு என்றதும் எனக்கு ஒரு பழைய காயம் வலித்தது. நான் பிறந்து வளர்ந்தது பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். தொண்ணூறுகளில் எங்கள் கணக்கப்பிள்ளை மகனிடம் ஒரு பிரிக் கேம் இருந்தது. அதில் '9999 இன் 1' என்று எழுதியிருக்கும். லயத்துப் பொடியன்கள் நாங்கள் கொய்யாப்பழத்தோடு வரிசையில் நிற்போம். ஒரு பழத்துக்கு ஒரு லைஃப். ஒன்பதாயிரத்துத் தொளாயிரத்துச் சொச்சத்தையும் விளையாடி முடிக்க எத்தனை கொய்யா மரம் வேண்டும் என்று கணக்குப் போட்டே நான் கணிதத்தில் தேறினேன். உள்ளே இருந்ததோ நாலைந்து விளையாட்டுதான். அதையே கொஞ்சம் வேகமாக, இன்னும் கொஞ்சம் வேகமாக என்று எண்ணி எண்ணி ஏற்றி வைத்திருந்தார்கள்.

அதனால் நானாவைக் குறுக்கு விசாரணை செய்தேன். சத்தத்தைக் குறைக்கலாமா? குறைக்கலாம். இரண்டு பேர் விளையாடலாமா? வயரில் இன்னொரு பிடி கொழுவினால் விளையாடலாம். டிவியில்? அதற்கும் வயர் இருக்கிறது. விட்ட இடத்தில் சேமித்து வைத்துவிட்டு நாளைக்குத் தொடரலாமா? முடியாது சேர், செத்தால் முதலிலிருந்துதான்.

"நல்லது" என்றேன். நானா திடுக்கிட்டார்.

ஆராய்ச்சியின் முடிவே அதுதான். குடும்பத்துக்கு என்று கேம் வாங்குகிறவன் படம் எவ்வளவு அழகு என்று பார்க்கக் கூடாது. ஒரு ஆள் எவ்வளவு சீக்கிரம் சாகிறான் என்று பார்க்க வேண்டும். சேமித்துச் சேமித்து நாற்பது மணி நேரம் விளையாடுகிற கேம் ஒருவன் கையை விட்டு இறங்காது; தம்பி தங்கைகள் பார்த்துக்கொண்டே பெரியவர்களாகிவிடுவார்கள். இந்தப் பெட்டிக்குள் இருப்பதோ பெரும்பாலும் எண்பதுகளில் செய்த விளையாட்டுகள். ஈவிரக்கம் பாராமல் இரண்டு நிமிஷத்தில் ஆளைத் தீர்த்துவிடும். சாவு வந்தால் பெட்டி கை மாறும், வீட்டில் சமாதானம் நிலவும். இதை நானாவுக்கு விளக்கினேன். "பில் போடவா சேர்?" என்றார்.

பட்டரியைக் கழற்றிக் காட்டும்படி கேட்டேன். நோக்கியா போனில் போடுகிற அதே பிஎல்-5சி. அந்த ரகத்தில் 4 கோடியே 60 லட்சம் பட்டரிகள் சூடேறலாம் என்று சொல்லி, 2007இல் நோக்கியாவே மாற்றிக் கொடுக்க முன்வந்த வரலாற்றை நான் தொடங்கியபோது, பின்னால் நின்ற அம்மா ஒருவர் பொறுமையிழந்து தன் டோர்ச் லைட்டை என் தலைக்கு மேலாக நீட்டிப் பணம் கட்டினார்.

வீட்டில் பெட்டியைப் பிரித்தோம். எங்களோடு இருக்கிற அத்தை, அதாவது மனைவியின் தாயார், முதலில் விலையைத்தான் கேட்டார். சொன்னேன். தோட்டத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். எல்லாக் காசையும் பேர்க் கணக்கில்தான், அதாவது ஒரு நாள் சம்பளம் ஒரு பேர் என்றுதான் எண்ணுவார். 2021இல் நாள் சம்பளம் ஆயிரமானபோது அந்தக் கணக்கு சுலபமாகிவிட்டது; அந்த ஆயிரத்தை அவர் இன்னும் விடவில்லை. "மூணு பேரு சம்பளம்! மூணு நா மலையேறி எறங்குன காச இதுக்குள்ளயா போட்டீங்க, மாப்புள?" என்றார்.

ஆரம்பத்தில் என் கொள்கை அற்புதமாக வேலை செய்தது. மாரியோ பள்ளத்தில் விழுந்தான். பெட்டி மகனிடமிருந்து மகளுக்குப் போனது. மகள் ஓடாமலே முதல் காளானில் மோதிச் செத்தாள். பெட்டி திரும்பி வந்தது. டிவியில் கொழுவி, தாங்கி விளையாட்டும் போட்டுப் பார்த்தோம். இரண்டு பேர் சேர்ந்து செங்கல் கோட்டைக்குள் இருக்கிற கழுகைக் காப்பாற்ற வேண்டும். மகள் எதிரியை ஒரு தடவைகூடச் சுடவில்லை. அண்ணனைச் சுட்டாள், அவன் அசையாமல் நின்ற நேரத்தில் திரும்பிக் கழுகையும் சுட்டாள். அதற்குள் அத்தையின் நாடகத்துக்கு நேரமாகிவிட்டதால் டிவி வழி நிரந்தரமாக மூடப்பட்டது.

மனைவி ஒரு தாளில் நேர அட்டவணை எழுதி அலுமாரியில் ஒட்டினாள். மகனுக்கு டியூஷன் முடிந்து அரை மணி, மகளுக்கு அரை மணி, ஞாயிறு மத்தியானம் தனக்குக் கால் மணி. என் பெயரைத் தேடினேன்.

"நீங்கதான் காசு குடுத்தீங்களே, அது போதாதா?" என்றாள்.

அத்தையின் பெயரும் அதில் இல்லை. ஒரு போயா லீவு நாளில் மகள்தான் பெட்டியைக் கொண்டுபோய், "அம்மாயி, இது சும்மா கட்ட விழுவும், நீங்க அடுக்குங்க" என்று மடியில் வைத்தாள். நான் சிரித்தேன். அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

கொழுந்து பறிக்கிற கையை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு இலை ஒரு மொட்டு என்று விரல் தானாக முறித்துக்கொண்டே போகும். கண் அந்த இலையில் இருக்காது, அடுத்த செடிக்குப் போயிருக்கும். இரண்டு கையும் இரண்டு வேலை பார்க்கும். அத்தையின் வலது பெருவிரல் ஓரத்தில் கொழுந்துக் கறை இன்னும் கறுப்புக் கோடாக நிற்கிறது. அந்த விரல் பொத்தானில் படிந்ததுதான் தாமதம். நீளக் கட்டை வந்தது, நிமிர்ந்தது, ஓரத்துக் குழிக்குள் இறங்கியது, நாலு வரி மறைந்தது. அவர் பார்வை அதற்குள் மேலே, அடுத்துவரும் கட்டைக்குப் போய்விட்டது. வேகம் கூடக் கூட அவர் முகத்தில் அந்திக்குக் கொழுந்து நிறுக்கப் போகிற அவசரம் தெரிந்ததே தவிர, பதற்றம் தெரியவில்லை.

மகன் பக்கத்தில் குந்தி அவர் சாவதற்காகக் காத்திருந்தான். மகள் காத்திருந்தாள். ஆராய்ச்சியாளனும் காத்திருந்தேன். அத்தை சாகவில்லை. ஜப்பான்காரரும் ரஷ்யாக்காரரும் சேர்ந்து கட்டிக்கொடுத்த என் கொள்கையில் இப்படி ஒரு ஓட்டை இருக்குமென்று யார் கண்டது? "அம்மாயி சாகவே மாட்டேங்குறாங்கம்மா!" என்று மகன் குசினிப் பக்கம் பார்த்துக் கத்தினான். அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, பிறகு ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை.

பெட்டி பட்டரி தீர்ந்துதான் நின்றது. சார்ஜ் ஏறும்வரை பொறுக்க யாருக்கும் பொறுமையில்லை. அத்தையின் நோக்கியா 1100ஐக் கழற்றிப் பார்த்த மகன், உள்ளே அதே பிஎல்-5சி இருப்பதைக் கண்டுபிடித்தான். என் ஆராய்ச்சி பரம்பரையாக வருகிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றிலிருந்து அந்தி சாய்ந்தால் போன் பட்டரி கேமுக்குள் போய்விடும். அத்தையின் போன் பிணமாகத் தலையணைக்கடியில் கிடக்கும்.

பசறையிலிருக்கும் மச்சான் தினமும் ராத்திரி தாயாருக்கு கோல் எடுக்கிறவர். தொடர்ந்து கிடைக்கவில்லை. எங்கள் போன்களோ வாழைமரத்துக்குப் போனால்தான் பேசும். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் ஓட்டோ வந்து நின்றது. மச்சான் இறங்கிய வேகத்தில் ஒரு செருப்பு ஓட்டோவிலேயே தங்கிவிட்டது. "அம்மாவுக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே பாய்ந்தார்.

அத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "வாடா. அங்கிட்டு நில்லு, வெளிச்சத்த மறைக்காத."

மனைவி ஆளுக்கொரு பிளேன்டி ஊற்றினாள். மச்சான் முதல் மிடறுவரை கோபமாக இருந்தார். பாதிக் கோப்பையில் தாயாரின் தோள் பக்கமாகச் சாய்ந்து, "இந்தப் பக்கம் திருப்புங்கம்மா" என்று யோசனை சொல்ல ஆரம்பித்தார். கோப்பை காலியானபோது அலுமாரியில் ஒட்டியிருந்த அட்டவணையில் மகன் மாமாவின் பெயரையும் எழுதிவிட்டான். ஓட்டோக்காரத் தம்பி மறந்துபோன செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் எட்டிப் பார்த்து, "அண்ணே, வெயிட்டிங் போடவா?" என்று கேட்டார். அப்புறம் திரையைப் பார்த்தார். செருப்பைக் கீழே வைத்துவிட்டு, "மாமாவுக்கு அடுத்தது யாரு?" என்று என்னிடமே கேட்டார்.