ஆழத்தில் ஆத்திகர்

கோவளத்தில், கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இருக்கும் கடற்கரையில், காலை எட்டு மணிக்கு அவரைத் தவறவிடவே முடியாது. வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில். ஊர் நாகர்கோவிலாக இருக்கலாம், மதுரையாக இருக்கலாம், சென்னையாகவும் இருக்கலாம். நேற்று கன்னியாகுமரி, இன்று விடியற்காலை வேட்டியோடு பத்மநாபசுவாமி, இப்போது அரைக்கால் சட்டையோடு ஸ்கூபா. கூடவே மனைவி, பிள்ளைகள், மைத்துனர். இதில் மைத்துனர் முக்கியம். அவர் மட்டும் வராமலிருந்தால் நம்மவர் கணுக்காலுக்கு மேல் நனைந்திருக்கவே மாட்டார். நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் மைத்துனர், “உங்களுக்கெல்லாம் இது ஒத்துவராது அத்தான்” என்று சொன்ன ஒரு வாக்கியம்தான் இன்று அவரை ரப்பர் உடைக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறது.

அதற்கு முன்பு ஒரு படிவம் வரும். ஆஸ்துமா உண்டா, காதில் அறுவை சிகிச்சை நடந்ததா, இதயக் கோளாறு, ரத்த அழுத்தம்? எல்லாவற்றுக்கும் நேராக ‘இல்லை’ என்று தேர்தல் வேட்பாளரின் உறுதியோடு எழுதுவார். ரத்த அழுத்தம் என்ற இடத்தில் மனைவி தொண்டையைச் செருமுவார். அவர் அதைக் கடற்காற்று என்று எடுத்துக்கொள்வார்.

பிறகு உடை. தலையணை உறைக்குள் மெத்தையை நுழைப்பதுபோல இரண்டு பேர் சேர்ந்து அவரை அதற்குள் நுழைப்பார்கள். அந்த உடையில் பாக்கெட் கிடையாது. பர்ஸ், போன், மோதிரம் எல்லாம் கரையில் மைத்துனரின் பையில். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் முங்கல் பயிற்சியாளர்களின் பொருளாதாரத்தில் பெரிய ஓட்டை இங்கேதான் விழுகிறது. நன்றி பொங்கி வழியும் நேரத்தில் மனிதனின் கையில் காசு இருப்பதில்லை. காசு கைக்கு வரும்போது நன்றி காய்ந்துபோயிருக்கும்.

பயிற்சியாளருக்கு முப்பது வயதுகூட இருக்காது. விழிஞ்ஞம் பக்கத்துப் பையன். இந்தப் பாறைகளில் சிலிண்டர் எதுவும் இல்லாமல், மூச்சை அடக்கி முங்கிச் சிப்பி பெயர்த்து எடுக்கும் பிழைப்பு தலைமுறைகளாக உண்டு. அவன் சித்தப்பா இன்றைக்கும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார். நம்மவர் இந்த நேரத்தில் அவனை அழைப்பது ‘மாஸ்டர்’ என்று. இந்தச் சொல்லைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், போகப்போக இது தேயும்.

மாஸ்டர் சைகை சொல்லித் தருகிறான். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்து வட்டமானால், எல்லாம் சரி. கட்டைவிரலைத் தூக்கினால் மேலே போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: மூச்சை மட்டும் ஒருபோதும் அடக்கக் கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் அதற்குத் தயாராக இருக்காது. நம்மவர் தலையாட்டுவார். அவர் மனம் முழுக்க, மைத்துனர் இந்தப் பக்கம் பார்க்கிறாரா என்பதில் இருக்கும்.

இறங்கியாகிவிட்டது. முதல் இரண்டு மீட்டரில் காது வலிக்கும். “பேடிக்கண்ட சார், பயப்படாதீங்க, மூக்கைப் பிடிச்சு ஊதுங்க” என்று மேலே சொல்லிக் கொடுத்தது நினைவிலிருந்து ஓடிப்போயிருக்கும். மாஸ்டர் தன் மூக்கைப் பிடித்துக் காட்டுவான். நம்மவர் மாஸ்டரின் மூக்கைப் பிடிக்கப் போவார். ஒருவழியாகக் காது திறந்து, முதல் மீன் கண்ணில் பட்டதும், பரவசத்தில் கட்டைவிரலைத் தூக்கி ‘சூப்பர்’ என்பார். மாஸ்டர் விதிப்படி அவரை மேலே கொண்டுபோகத் தொடங்குவான். ‘இல்லை, இல்லை’ என்று இவர் கையை ஆட்ட, அதை ஆபத்து என்று அவன் படிக்க, இன்னும் வேகமாக மேலே.

மறுபடி கீழே. இப்போது அவர் மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்திருக்கும் பிடி இருக்கிறதே, கல்யாணத்தில் பிடித்த கையைக்கூட அவர் அப்படிப் பிடித்ததில்லை. இந்த இருபது நிமிடத்தில்தான் அவர் பரம ஆத்திகர். இன்று காலைதான் தரிசித்த பத்மநாபசுவாமி கடலில் பள்ளிகொண்டவர் என்பது சட்டென்று நினைவுக்கு வரும். கரையேறினால் 101 ரூபாய் உண்டியலில் என்று ஒரு வேண்டுதல். பக்கத்தில் இருப்பவனுக்கும் மனசுக்குள் ஒரு தொகை ஒதுக்குவார்: ஆயிரம், இல்லை இரண்டாயிரம், ஒரு கட்டத்தில் அவன் தங்கை கல்யாணச் செலவையே ஏற்கும் எண்ணம்கூட வரும். கடலின் ஆழமும் டிப்ஸ் தொகையும் ஒரே கணக்கில் ஏறி ஒரே கணக்கில் இறங்குபவை.

தண்ணீருக்கு மேலே தலை தெரிந்ததும் முதல் சொல்: “தெய்வமே!” இது மாஸ்டரைப் பார்த்துத்தான். படகில் ஏறி உட்கார்ந்ததும் ‘மாஸ்டர்.’ மணலில் கால் பட்டதும் ‘தம்பி.’ பர்ஸ் கைக்கு வந்தபோது, “அந்தப் பையனுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிடுங்க.”

ஏன் ஒன்றும் தரவில்லை என்று கேட்டால் அவரிடம் காரணங்கள் வரிசை கட்டி நிற்கும். ஜிஎஸ்டியோடு சேர்த்துக் கட்டியாகிவிட்டது. அவர்கள் வாங்குவதே சில ஆயிரம், அதெல்லாம் யாருக்குப் போகிறது? (அந்தப் பையனின் பாக்கெட்டுக்கு நேராகப் போகிறது என்று மனப்பூர்வமாக நம்புகிறார். படகு டீசல், படகோட்டி, காற்று நிரப்பும் கம்ப்ரசர், இவரை அங்கே கொண்டுவந்து இறக்கிய ஆட்டோக்காரரின் கமிஷன், முன்பதிவு செய்து கொடுத்த ஓட்டலின் பங்கு, இவற்றை எல்லாம் கழித்துப் பார்க்கும் பொறுமை அவருக்கில்லை.) கடைசியில் துருப்புச் சீட்டு: “அவன் என்னப்பா பண்ணினான்? சும்மா கூட நீந்திக்கிட்டு என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தான். இதுக்குக் காசு கொடுத்தா நோக்குக்கூலி ஆயிடும்.”

திருவனந்தபுரத்தில் நின்று இதைச் சொல்வதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. வேலை எதுவும் செய்யாமல், இயந்திரம் சுமை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கூலி கேட்கும் வழக்கம் கேரளத்தில் புகழ்பெற்றது. 2018 மே 1 முதல் அரசு அதை ஒழித்ததாக அறிவித்தது. இருந்தும் 2021 செப்டம்பரில் தும்பாவில் இருக்கும் விண்வெளி மையத்துக்கு இயந்திரம் ஏற்றிவந்த லாரியையே மறித்துக் கேட்டது செய்தியானது. ஆனால் நம்மவரின் வாதத்தில் ஒரு பிழை. கடலுக்கடியில் பார்ப்பதுதான் வேலை. ஒரு கை அவரது சிலிண்டரின் வால்வில், இன்னொரு கை அவரது ஜாக்கெட்டில் காற்றை ஏற்றி இறக்கும் பொத்தானில். கண் மூன்று இடங்களில்: கண்ணாடிக்குள் அவர் விழி பிதுங்குகிறதா, வாயிலிருந்து குமிழி இடைவிடாமல் வருகிறதா, 200 பார் அழுத்தத்தில் தொடங்கிய காற்று 50-ஐ நோக்கி எவ்வளவு வேகமாக இறங்குகிறது. பயந்தவர் மற்றவரைவிட அதிகம் காற்றைக் குடிப்பார். நம்மவர் அன்று குடித்த காற்றில் இன்னொருவரும் முங்கி எழுந்திருக்கலாம். இந்த ஒரு தொழிலில் நோக்குவதற்குத்தான் கூலி, அதை யாராவது ஒழித்தால் முதலில் ஒழிவது நம்மவர்.

இதை எல்லாம் கற்றுக்கொள்ளப் பையன் செலவழித்ததும் கொஞ்சமல்ல. 1966-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘பாடி’ (PADI) என்ற முங்கல் பயிற்சி அமைப்பின் படிக்கட்டில் ஏறியவன் அவன். முதல் சான்று, அடுத்த சான்று, மீட்புப் பயிற்சி, டைவ்மாஸ்டர், அதற்கப்புறம்தான் பயிற்சியாளர். அதற்கு நூறு முங்கலாவது கணக்கில் எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கட்டணம். ஏறி முடித்த பிறகும் பாடம் எடுக்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொள்ள ஆண்டுக்கு ஆண்டு சந்தா. ஜூன் பிறந்து பருவமழை இறங்கினால் கடல் கொந்தளிக்கும், கடை மூடும், வருமானம் நிற்கும். சந்தா நிற்காது. இந்தத் தொழிலில் பல ஊர்களில் சம்பளம் என்பது ஆளுக்கு இவ்வளவு, முங்கலுக்கு இவ்வளவு என்ற கணக்குத்தான். ஃபுளோரிடா பக்கம் படகில் இதற்கென்றே ஒரு டப்பா வைத்திருப்பார்கள்; மாலத்தீவில் நாட்கணக்கில் கடலில் தங்கும் படகுகளில் கடைசி ராத்திரி உறை வரும். கோவளத்தில் வருவது புன்னகை.

முங்குகிறவனுக்கு என்ன கொடுப்பது என்பது நம் கடற்கரைக்குப் புதிய கேள்வியும் அல்ல. 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ இந்தப் பக்கத்து முத்துக் குளிப்பைப் பற்றிச் சொல்லும்போது பங்கு விவரம் தருகிறார். அரசனுக்குப் பத்தில் ஒன்று. முங்குகிறவர்களைப் பெரிய மீன் கடிக்காமலிருக்க மந்திரம் சொல்பவர்களுக்கு இருபதில் ஒன்று. முங்குகிறவனுக்குப் பேசிய கூலி, அவ்வளவுதான். சூரியன் மறைந்ததும் மந்திரக்காரர்கள் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம்; ராத்திரியில் யாரும் திருட்டுத்தனமாக முங்கக் கூடாது என்பதற்காக! மீன்களுக்கும் வேலை நேரம் இருந்திருக்கிறது. மன்னார்க் கடலில், 1905-இல் மரிச்சுக்கட்டியில் நடந்த பெரிய முத்துக் குளிப்பின்போது கணக்கு முன்னேறியிருந்தது: எடுத்த சிப்பியில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு முங்கியவர்கள் பக்கம். நம்மவரின் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு பையனுக்கு என்று யாராவது சொல்லிப் பாருங்கள், மைத்துனரே மயங்கி விழுவார்.

ஆனால் நம்மவரைக் கருமி என்று எழுதிவிடக் கூடாது, அது அபாண்டம். ஓட்டல் வாசலில் மீசை முறுக்கி, சல்யூட் வைத்துக் கார்க் கதவைத் திறந்தவருக்கு நூறு ரூபாய் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கதவு, அவரே தள்ளினாலும் திறந்திருக்கும். மத்தியானம் கடற்கரை உணவகத்தில் சிப்பி வறுவல் வரவழைத்துக்கொண்டு கதை தொடங்கும். ஐந்து மீட்டரில் தொடங்கியது பன்னிரண்டாகும். பன்னிரண்டுதான் சான்று இல்லாதவரை அழைத்துப்போகும் எல்லை; கதை அதையும் கடந்து எதிரே நிற்கும் கலங்கரை விளக்கத்தின் உயரமான 36 மீட்டரைத் தொடும். 2024-இல் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு ராட்சதக் கப்பல்கள் வரத் தொடங்கிய பிறகு கதைக்கு இன்னும் வசதி; ஒரு கன்டெய்னர் கப்பலுக்கு அடியிலேயே போய் வந்துவிட்டார். பரிமாறுகிற பையன் தட்டோடு நின்று, “அத்தர ஆழத்திலயா சார்!” என்று வாய் பிளப்பான். இருநூறு ரூபாய். மைத்துனர் பார்க்கக் கொடுப்பார்.

இதில்தான் அவருடைய சூத்திரம் இருக்கிறது. உயிரோடு வைத்திருந்ததற்கு அவர் டிப்ஸ் தருவதில்லை. பெரிய மனிதராக உணர வைத்ததற்குத் தருகிறார். சல்யூட் அடித்தவன் அவரை ஜமீன்தார் ஆக்கினான், வாய் பிளந்தவன் மாலுமி ஆக்கினான். முங்கல் பையன்? அவர் கண் பிதுங்கியதையும் கை நடுங்கியதையும் உலகத்திலேயே அவன் ஒருவன்தான் அருகிலிருந்து பார்த்தான். கடவுளும் பார்த்தார், ஆனால் கடவுள் யாரிடமும் சொல்வதில்லை. அதனால்தான் 101 ரூபாய் அன்று மாலையே ஒழுங்காக உண்டியலுக்குப் போய்விடுகிறது. சாட்சிக்கு டிப்ஸ் கொடுத்து அவன் முன்னால் இன்னொரு நிமிடம் நிற்பதைவிட, நழுவுவது நல்லது என்று அவருக்குத் தோன்றுகிறது.

நழுவும் கலையில் அவர் தேர்ந்தவர். ஜிபே ஸ்கேன் பண்ணுவார், பிறகு ‘நெட்வொர்க் இல்லை’ என்பார். “ரிவ்யூல அஞ்சு ஸ்டார் போட்டுடறேன் தம்பி” என்பார். கடைசி அஸ்திரம்: “ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு!” அதில் மட்டும் ஒருநாள் மாட்டிக்கொண்டார். பையன் பதறிப்போய், “ஐயோ சார், முங்கிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. காலையிலேயே சொன்னேனே சார்” என்றான். நம்மவர் அரை நொடிகூடத் தயங்கவில்லை: “அனந்தபுரி எக்ஸ்பிரஸைத்தான் ஃப்ளைட்டுன்னு சொன்னேன், அவ்ளோ வேகம்ல!”

அவர் ஒரே ஒரு தடவை டிப்ஸ் கொடுத்ததும் உண்டு. வீடியோ எடுத்துக்கொடுப்பது கட்டணத்தில் அடக்கம். பையன் கரையில் நிழலில் உட்கார்ந்து அதைப் போனில் ஏற்றிக்கொண்டிருந்தான். மைத்துனர் எட்டிப் பார்க்க வந்துகொண்டிருந்தார். திரையில் நம்மவர் மாஸ்டரின் மூக்கைப் பிடிக்கும் இடம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது இரண்டு கையாலும் அவனைக் கட்டிக்கொள்ளும் இடம். பையனுக்கு உள்நோக்கம் ஒன்றுமில்லை, மரியாதைக்காகத்தான் கேட்டான்: “சார், இந்த பாகம் வெட்டிடட்டா?”

அடுத்த கணம் நெட்வொர்க் வந்துவிட்டது. பையன் தொகையைப் பார்த்துவிட்டு, ஒரு பூஜ்யம் கூடுதலாகப் போட்டுவிட்டாரோ என்று திருப்பிக் கேட்டான். “சரியாத்தான் போட்டிருக்கேன். வேற காப்பி எதுவும் இல்லல்ல மாஸ்டர்?” என்றார் நம்மவர்.

இப்போதெல்லாம் அந்தப் பையன் கேமராவைக் கொஞ்சம் முன்னதாகவே, காது வலி தொடங்கும் இடத்திலிருந்தே ஓடவிடுகிறானாம்.