மூன்று பேர் ஆறு பேரான கணக்கு

கேள்வி: மூன்று பேர் பறித்த கொழுந்தைப் பைத்தனில் எழுதினேன். காலை நிறுவை [8, 7, 9]. பின்னேரம் [10, 12, 6]. இரண்டையும் கூட்டினால் ஆறு எண்கள் வருகின்றனவே?
– வாசகர் ஒருவர், பசறை

பதில்: ஆள் தட்டுப்பாடு என்று புலம்பும் துரைமாருக்கு உடனே சொல்லியனுப்புங்கள்! பைத்தனின் சாதாரணப் பட்டியலுக்குக் கூட்டல் என்றால் ஒன்றின் பின்னால் மற்றதை ஒட்டுவதுதான். 2ஆல் பெருக்கினாலும் அதே பட்டியல் இரண்டு தடவை வருமே தவிர, கிலோ கூடாது. ஆளுக்கு ஆள் கூட்ட நம்பை என்ற பைத்தன் நூலகம் உதவும் (1.0 பதிப்பு 2006இல் வந்தது). இரண்டையும் அதன் அணிகளாக்கிக் கூட்டினால் 18, 19, 15.

பின்னேரம் ஒருவர் வராவிட்டால் அவர் இடத்தில் 0 போடுங்கள். வெறுமனே விட்டால், நீளம் பொருந்தவில்லை என்று நம்பை நின்றுவிடும். ஆர் மொழி அப்படியல்ல. எச்சரிக்கை ஒன்றை முணுமுணுத்துவிட்டு, முதல் ஆளின் பின்னேரக் கிலோவை மூன்றாமவருக்கும் எழுதிவிடும். அந்தக் கணக்கப்பிள்ளையிடம் கவனம்!

பேருக்கு (ஒரு நாள் கூலிக்கு) 18 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 18க்குக் குறையவில்லையா என்று அணியைக் கேட்டால் ட்ரூ, ட்ரூ, ஃபால்ஸ்: இருவருக்கு முழுப்பேர், ஒருவருக்கு அரைப்பேர். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று அணியிலிருந்து 2 கழித்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். மூன்றும் ஃபால்ஸ்.